மூக்கைக் கட்டுவது கடைசி வேலை



சம்பளம், நோம், அரைப்பேர், காணி, வீடு என்று இந்தப் பத்திரிகையில் நாம் வழக்கமாகப் பேசும் விஷயங்கள் பல. இந்த முறை மூக்கொழுகலைப் பற்றி எழுதுகிறேன். சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். இதுவும் தொழிற்சங்க விஷயம்தான்.

மலையகத்தில் மூக்கு ஒழுகாத வீடு கிடையாது. அதற்காக நாம் ஆளுக்கொன்றை உடம்பில் மாட்டிக்கொண்டு சமாளிக்கிறோம். முதலாம் தரத்துக்கு வரும் பிள்ளையின் நெஞ்சில் நாலாக மடித்த லேஞ்சி ஒன்று ஊக்கில் தொங்கும். மலையில் நிற்கும் அம்மாவுக்குக் கொங்காணி முனைதான் லேஞ்சி. ஸ்டோரில் சலிக்கும் அறையில் நிற்பவர் பழைய துணியையோ நீல நிற மாஸ்க்கையோ மூக்கில் கட்டிக்கொள்கிறார். பெரும்பாலும் இவற்றை நாமே வாங்குகிறோம், நாமே துவைக்கிறோம், நாமே காயப்போடுகிறோம். ஒழுகும் மூக்கு அவரவர் சொந்த விஷயம் என்று துரையும் நினைக்கிறார், ஆசிரியரும் நினைக்கிறார், நாமும் நினைக்கிறோம்.

நான் அப்படி நினைக்கவில்லை. நம்மவர்களின் மூக்கைப் பல இடங்களில் ஒழுகவைப்பது வேலை செய்யும் இடமும் குடியிருக்கும் இடமும்தான். அந்த இடத்தைச் சரிசெய்யும் பொறுப்பும் செலவும் அதை நடத்துபவருக்கு உண்டு. மூக்கில் எதைக் கட்டுவது என்ற கேள்வி கடைசியாக வர வேண்டியது. எது ஒழுகவைக்கிறது என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும்.

மூக்கு ஏன் ஒழுகுகிறது?

மூக்கு வாசனை பார்க்க மட்டும் இருக்கும் உறுப்பு அல்ல. வெளிக்காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, அதிலுள்ள தூசியைப் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் நெஞ்சுக்குள் அனுப்புகிறது. மூக்கின் உட்தோல் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லீட்டர் சளிநீரைச் சுரக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிட, நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். சுரப்பது கூடி, தள்ள முடியாமல் போகும்போது முன்பக்கம் ஒழுகுகிறது. அதாவது, உள்ளே வரக்கூடாத ஏதோ வருகிறது என்று மூக்கு சொல்கிறது.

காரணங்கள் முக்கியமாக நான்கு. ஒன்று, வைரஸால் வரும் சாதாரண தடிமன். ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போய்விடும். அதற்கு அன்டிபயோடிக் வேலை செய்யாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதற்காக மட்டும் அந்த மருந்தைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை. இரண்டு, குளிர்காற்று. காய்ந்த குளிர்காற்றை ஈரமாக்க மூக்கு கூடுதலாகத் தண்ணீர் சுரக்கும். இது நோயல்ல. மூன்று, ஒவ்வாமை. தொடர் தும்மல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, தண்ணீர்போல ஒழுகல். நான்கு, புகை, தூசி, மருந்து நெடி போன்றவற்றின் எரிச்சல்.

முதலாவது எந்த ஊரிலும் எவருக்கும் வரும். மற்ற மூன்றும் ஒருவர் எங்கே நிற்கிறார், எதைச் சுவாசிக்கிறார் என்பதைப் பொறுத்தவை. நாம் பேச வேண்டியது அவற்றைத்தான்.

ஜப்பான்காரர்களின் தொப்பி

இந்த வித்தியாசத்தை ஜப்பானைப் பார்த்தால் நன்றாக விளங்கிக்கொள்ளலாம். அங்கே கென்ஜி கவகாமி என்பவர் வேடிக்கைக் கண்டுபிடிப்புகளுக்குப் பேர்போனவர். அவருடைய படைப்புகளில் ஒன்று, மூக்கொழுகுபவர்களுக்கான தொப்பி. தலையில் கழிவறைக் கடதாசிச் சுருள் ஒன்றைப் பொருத்தியிருக்கும். மூக்கு ஒழுக ஒழுக, கையை மேலே நீட்டிக் கடதாசியை இழுத்துத் துடைத்துக்கொள்ளலாம். விற்பதற்காகச் செய்ததல்ல, சிரிப்பதற்காகச் செய்தது. ஆனால் ஜப்பான்காரர்கள் அதைப் பார்த்து ஏன் சிரித்தார்கள் என்றால், அந்தக் கஷ்டம் அவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. இன்று அந்த நாட்டில் பத்துப் பேரில் நான்கு பேர் அளவில் மகரந்தத் தூளால் மூக்கொழுகி அவதிப்படுகிறார்கள்.

அந்த மகரந்தம் எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் அங்கே காடுகளைப் பெருமளவில் வெட்டினார்கள். வீடு கட்டப் பலகை வேண்டும் என்று 1950களிலும் 60களிலும் அரசாங்கமே முன்னின்று மலை மலையாக ஒரே வகை மரத்தை நட்டது. சுகி என்ற தேவதாரு வகை மரம் அது. பிறகு வெளிநாட்டிலிருந்து மலிவான பலகை வந்ததும், நட்ட மரத்தை வெட்டி விற்பது கட்டுப்படியாகவில்லை. மரங்கள் அப்படியே நின்று முற்றின. முற்றிய மரங்கள் ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை மகரந்தத்தைக் கொட்டுகின்றன. 1964இல் நிக்கோ என்ற ஊரிலிருந்து இந்த நோயைப் பற்றி வைத்தியர்கள் முதன்முதலில் எழுதினார்கள். அதன் பிறகு பல பத்தாண்டுகளாக மக்கள் மாஸ்க் போட்டார்கள், கண்ணாடி போட்டார்கள், குளிசை விழுங்கினார்கள். 2023இல்தான் அரசாங்கம், பத்து ஆண்டுகளில் அந்த மரத்தோட்டங்களை ஐந்தில் ஒரு பங்கு குறைப்போம், முப்பது ஆண்டுகளில் மகரந்தத்தைப் பாதியாக்குவோம் என்று திட்டம் போட்டது.

கவனியுங்கள். ஒழுகியது மக்களின் மூக்கு. காரணம் மேலிருந்து போட்ட ஒரு தோட்டத் திட்டம். மாஸ்க் வாங்கியது மக்கள். மரத்தைக் குறைக்க வேண்டும் என்ற முடிவு வரப் பல பத்தாண்டுகள் ஆனது. ஒவ்வொருவரும் தன் மூக்கைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும்வரை மூலத்தில் கை வைக்க எவரும் அவசரப்படுவதில்லை. இந்தப் பாடத்தோடு நம் இடங்களைப் பார்ப்போம்.

மலையில்

நுவரெலியா பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் புல்லின்மேல் உறைபனி படியும் காலைகள் உண்டு. அந்தக் குளிரில் பெரட்டுக்குப் போய் மலையேறுபவர்களுக்கு மூக்கு ஒழுகத்தான் செய்யும். அதை நோய் என்று பயப்பட வேண்டாம். இங்கே மூக்கில் கட்டும் துணி உண்மையில் உதவும். காய்ந்த துணியால் மூக்கையும் வாயையும் மூடினால், வெளிவிடும் மூச்சின் சூடு துணியில் தங்கி, உள்ளே போகும் காற்றைக் கொஞ்சம் சூடாக்கும். நனைந்த துணியால் பயனில்லை.

பிரச்சினை அதற்கு மேல் இருக்கிறது. இரண்டு கையும் கொழுந்தில் இருக்கின்றன. கிலோ குறைந்தால் பேர் குறையும். ஆகவே நின்று மூக்கைச் சிந்தித் துடைக்க நேரம் எடுக்காமல், புறங்கையிலோ தோளிலோ துடைத்துக்கொண்டு போகிறோம். அந்தக் கையில் கொழுந்துக் கறை இருக்கும். மருந்தடித்த மலையென்றால் களைகொல்லியின் மிச்சமும் இருக்கலாம். அது நேரே மூக்குக்கும் கண்ணுக்கும் போகிறது. மலையில் கை கழுவத் தண்ணீர் வைத்தால், மழைக்கு நல்ல படங்கும் மேலங்கியும் தோட்டமே தந்தால், நனைந்தவர்கள் ஒதுங்க ஒரு கூரை இருந்தால் பாதிப் பிரச்சினை குறையும். இவற்றில் எதுவும் பெரிய செலவுள்ள விஷயமல்ல.

மருந்தடிக்கும் அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. தூசிக்குப் போடும் மாஸ்க் மருந்தின் ஆவியைத் தடுக்காது. மூக்கில் கட்டிய துணி மருந்தில் நனைந்தால், மருந்தை முகத்திலேயே ஒட்டிவைத்தது போலாகிவிடும். அந்த வேலைக்கென்று தனிப் பாதுகாப்பு உடுப்பும் தனி வடிகட்டியுள்ள கவசமும் வேண்டும். அவை இல்லாமல் தெளிக்கும் வேலையைக் கொடுத்தால் உடனே தலைவருக்குச் சொல்லுங்கள்.

ஸ்டோரில்

மூக்கு விஷயத்தில் மிக ஆபத்தான இடம் ஸ்டோர்தான். கொழுந்து வாடும் மாடியிலும் ரோலரிலும் ஈரம் இருப்பதால் தூசி குறைவு. டிரையரைத் தாண்டிய பிறகு, சலிக்கும் இடத்திலும் நார் பிரிக்கும் இடத்திலும் பை நிரப்பும் இடத்திலும் காய்ந்த தேயிலை தூளாகப் பறக்கிறது. கொழுந்தின் நுனியிலும் இலையின் அடியிலும் உள்ள மெல்லிய மயிர்களும் பஞ்சுபோல அதில் சேர்கின்றன. ஓரளவு கனமான தூளை டஸ்ட் என்றே பெயர் வைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். அதைவிட மெல்லியது அங்கே நிற்பவரின் மூக்குக்குப் போகிறது.

இது நான் கற்பனையாகச் சொல்வதல்ல. நம் நாட்டின் பேர்பெற்ற நெஞ்சுநோய் வைத்தியர் சி. ஜி. உரகொட, 1970இலேயே டீமேக்கருக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி பிரிட்டனின் தொழில்மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். 1980இல் இலங்கைத் தேயிலைத் தொழிலாளர்களின் சுவாச நோய்கள் பற்றி இன்னொரு ஆய்வை வெளியிட்டார். தேயிலைத் தூசி நெஞ்சைக் கெடுக்கும் என்பது அரை நூற்றாண்டாக எழுத்தில் இருக்கிறது. தெரியாது என்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது.

வேலையிடத் தூசியால் வரும் ஒவ்வாமை பலருக்கு முதலில் மூக்கில்தான் தொடங்கும். தும்மலும் ஒழுகலுமாக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இருந்துவிட்டு, பிறகு இருமல், இழுப்பு, மூச்சுத்திணறல் என்று நெஞ்சுக்கு இறங்கலாம். ஆகவே ஸ்டோரில் ஒழுகும் மூக்கை ஓர் எச்சரிக்கையாக எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் இடத்தைச் சரிசெய்தால் நெஞ்சைக் காப்பாற்றலாம்.

வேலைதான் காரணமா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. வேலை நாட்களில் கூடி, ஞாயிற்றுக்கிழமையும் நீண்ட விடுமுறையிலும் குறைந்து, திரும்ப ஸ்டோருக்குப் போனதும் மறுபடி தொடங்கினால், வேலையிடத்தின் மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். தீபாவளி, பொங்கல் லீவில் மூக்கு சுகமாக இருந்ததா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

நிர்வாகம் இங்கே செய்ய வேண்டியதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில், தூசி பறக்கும் இயந்திரத்தை மூட வேண்டும். அடுத்து, மூட முடியாத இடத்தில் தூசியை உறிஞ்சி வெளியே எடுக்கும் விசிறியும் குழாயும் பொருத்த வேண்டும். பொருத்தியது ஓட வேண்டும். மின்சாரச் செலவுக்காக நிறுத்திவைத்த விசிறி சுவருக்கு அலங்காரம் மட்டுமே. மூன்றாவது, தும்புத்தடியால் பெருக்கித் தூசியைத் திரும்பக் கிளப்பாமல், உறிஞ்சும் இயந்திரத்தால் சுத்தம் செய்ய வேண்டும். நான்காவது, ஒரே ஆளை நாள் முழுக்க அதே இடத்தில் நிறுத்தாமல் மாற்றிப் போட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் தூசி மிஞ்சினால்தான் மாஸ்க்.

அந்த மாஸ்க்கும் சரியானதாக இருக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் நாம் போட்ட துணி மாஸ்க்கும் நீல மாஸ்க்கும் நம் வாயிலிருந்து வெளியே தெறிப்பதை மறிக்கச் செய்தவை. அவற்றின் ஓரங்களில் இடைவெளி இருப்பதால் மெல்லிய தூசி உள்ளே போகும். தூசிக்கு உரியது என்95 போன்ற வகை. மிக நுண்ணிய துகள்களில் குறைந்தது 95 வீதத்தைப் பிடிக்கும் என்பதைத்தான் அந்த 95 சொல்கிறது. ஆனால் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தினால்தான் அது வேலை செய்யும். தாடி இருந்தால் பொருந்தாது. துவைத்துப் போடக்கூடாது. நனைந்தால் மாற்ற வேண்டும்.

இங்கேதான் மூக்கொழுகல் குறுக்கே வருகிறது. ஏற்கனவே ஒழுகும் மூக்கில் மாஸ்க்கைக் கட்டினால் அது சீக்கிரமே நனைந்துவிடும். நனைந்த மாஸ்க்கில் மூச்சு விடுவது கஷ்டம். டிரையர்ச் சூட்டில் வியர்வையும் சேர்ந்தால் ஒருவர் அதைக் கழுத்துக்கு இறக்கிவிடுவார். உடனே மேலே இருப்பவர், “மாஸ்க் கொடுத்தோம், இவர்கள்தான் போடவில்லை” என்பார். மாதத்துக்கு ஒன்று கொடுத்துவிட்டு அப்படிச் சொல்வது நியாயமல்ல. நனையும்போதெல்லாம் மாற்ற மாஸ்க்கும், வெளியே போய் மூக்கைச் சிந்தி முகம் கழுவி வர ஐந்து நிமிடமும் தர வேண்டும். அப்போதுதான் கொடுத்தோம் என்ற பேச்சுக்கு அர்த்தம் உண்டு.

தும்மலுக்கு வாங்கும் குளிசையிலும் கவனம் தேவை. குளோர்பெனிரமைன் என்ற பழைய வகைக் குளிசை மலிவு, கைக்கெட்டும். ஆனால் தூக்கத்தை வரவழைக்கும். அதை விழுங்கிவிட்டு ரோலருக்குப் பக்கத்திலோ செங்குத்தான மலையிலோ நிற்பது ஆபத்து. தூக்கம் வராத வகைகள் இருக்கின்றன, வைத்தியரிடம் கேளுங்கள். மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்பைவிடக் கூடும். கைபேசியில் விளம்பரம் வரும் மூக்குக்குள் சொருகும் கருவிகளையும் ஒளி பாய்ச்சும் கருவிகளையும் நம்பி நாட்சம்பளத்தைக் கொடுக்க வேண்டாம். தூசி பறக்கும் அறையை எந்தக் கருவியும் சரிசெய்யாது.

லயத்தில்

வேலை முடிந்து வந்தாலும் மூக்குக்கு ஓய்வில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அடுப்பும் படுக்கையும் ஒன்றாக இருக்கும் குடும்பங்கள் இன்னும் எத்தனை! 2022 நெருக்கடியில் காஸ் கிடைக்காமலும் விலை கூடியும் போனபோது, விறகைவிட்டு விலகிய வீடுகளும் விறகுக்கே திரும்பின. வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகை முதலிய காற்று மாசால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தப் புகையில் கூட நேரம் இருப்பவர்கள் சமைக்கும் பெண்களும் அவர்கள் இடுப்பிலும் மடியிலும் இருக்கும் பிள்ளைகளும்தான்.

மழைக்காலத்தில் வெளியே துணி காயாது. இஸ்தோப்பிலும் காம்பராவிலும் கொடி கட்டிக் காயப்போட, சுவரில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். அதுவும் மூக்கொழுகலுக்கும் இழுப்புக்கும் ஒரு காரணம். “வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று தோட்டத்தில் வந்து பாடம் எடுப்பவர்கள் கூரை ஒழுகுவதையும், புகை போக வழியில்லாததையும் அண்ணாந்து பார்க்க வேண்டும். புகைபோக்கியுள்ள அடுப்பு, பிரித்துக் கட்டிய சமையலறை, ஒழுகாத தகரம், திறக்கக்கூடிய ஜன்னல் ஆகிய நான்கும் மூக்கு வைத்தியம்தான். புதிய வீடு வரும்வரை காத்திருக்கச் சொல்லாமல், இருக்கும் லயங்களில் இவற்றைச் செய்துதரக் கேட்க வேண்டும்.

பாடசாலையில்

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஆறு, எட்டு முறை தடிமன் வருவது சாதாரணம். லேஞ்சி கொண்டுவரச் சொல்லும் பாடசாலை, கை கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நாள் முழுக்க நெஞ்சில் தொங்கும் நனைந்த லேஞ்சியைத் தொட்டுத் தொட்டு அதே கையால் பக்கத்துப் பிள்ளையைப் பிடித்தால் தடிமன் வகுப்பு முழுக்கப் பரவும். பெற்றோரே, இரண்டு மூன்று லேஞ்சி வைத்து மாற்றிக் கட்டுங்கள். பழைய பருத்திச் சட்டையை வெட்டித் தைத்தாலே போதும்.

இதைவிடப் பெரிய விஷயம் காது. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு சிறு குழாய் போகிறது. மூக்கு நீண்ட நாள் அடைபட்டிருந்தால் அந்தக் குழாயும் அடைபட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும். வலி இருக்காது. ஆனால் கேட்பது குறையும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை, சொல்வதெழுதலில் பாதிச் சொல்லை விடும் பிள்ளையை மக்கு என்று சொல்லிவிடுவது இலகு. அதற்குப் பாடம் ஏறவில்லையா, காதில் விழவில்லையா என்று யார் பார்த்தது? அடிக்கடி மூக்கொழுகி, வாயால் மூச்சுவிடும் பிள்ளையை முன்வரிசையில் இருத்துங்கள். பெரியாஸ்பத்திரியில் காதைப் பரிசோதிக்க அனுப்புங்கள். அதற்குப் பெற்றோருக்கு ஒரு நாள் லீவு வேண்டும். அந்த ஒரு நாள் பேர் போய்விடும் என்பதால் எத்தனை பிள்ளைகளின் காது பார்க்கப்படாமலே போகிறது! நாம் கேட்க வேண்டியதில் இதுவும் ஒன்று.

தோட்டத்துப் பிள்ளை என்றாலே மூக்கொழுகி என்று கேலி செய்யும் வழக்கம் டவுன் பாடசாலைகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் கேலியைக் கேட்டுப் பிள்ளை வெட்கப்பட வேண்டியதில்லை. புகையும் ஈரமும் உள்ள லயத்தில் நம்மை ஐந்து, ஆறு தலைமுறையாகக் குடிவைத்தவர்கள் வெட்கப்பட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நம் ஸ்டோர்களுக்கும் பொருந்தும். தொழிலாளர் தூசியைச் சுவாசிக்காதபடி இயன்ற நடவடிக்கைகளை எடுக்க வேண்டிய கடமையை அது தொழிற்சாலையை நடத்துபவர்மீது வைக்கிறது. தொழில் திணைக்களத்தின் கீழ் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் முறையிடும் உரிமை நமக்கு உண்டு. வேலையால் வரும் சில நோய்களுக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது.

சர்வதேச தொழில் தாபனம் 2022 ஜூனில், பாதுகாப்பான, சுகாதாரமான வேலையிடத்தையும் அடிப்படைத் தொழில் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. சங்கம் அமைக்கும் உரிமைக்கு இருக்கும் அதே இடம் இன்று இதற்கும் உண்டு. அந்தத் தாபனத்தின் 155ஆம் இலக்கச் சமவாயம், பாதுகாப்பு நடவடிக்கைகளுக்காகத் தொழிலாளிக்கு எந்தச் செலவும் வரக்கூடாது என்கிறது. மாஸ்க்குக்குக் காசு பிடிப்பதோ, வீட்டிலிருந்து துணி கொண்டுவரச் சொல்வதோ இதற்கு நேர்மாறானது.

ஒரு குறை இருக்கிறது. தொழிற்சாலைச் சட்டம் ஸ்டோர் வாசலோடு நின்றுவிடும், மலை ஏறாது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா வந்த கையோடு பெருந்தோட்டக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. சம்பள நிர்ணய சபை சம்பளத்தைத்தான் நிர்ணயிக்கும். படங்கும் தண்ணீரும் ஒதுங்கும் கூரையும் எந்தத் தாளில் எழுதப்படும்? இனி எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும் சுகாதாரமும் பாதுகாப்பும் அதில் தனிப் பகுதியாக இருக்க வேண்டும் என்று சங்கம் வற்புறுத்த வேண்டும்.

“சம்பளமே சரியில்லை, இதில் மூக்கா?”

இந்தக் கேள்வி நியாயமானது. சம்பளப் போராட்டத்தைக் குறைத்துவிட்டு மூக்கைப் பிடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். தும்மலோடு வீட்டில் கிடந்த நாள் சம்பளமில்லாத நாள். நெஞ்சு இழுத்துக் கிளினிக் போன நாளும் அப்படியே. பஸ் காசு, குளிசைக் காசு, பம்ப் காசு எல்லாம் நம் கையிலிருந்து போகிறது. விசிறி பூட்டாத கம்பனி மிச்சம் பிடித்த காசைத்தான் நாம் குளிசைக்குக் கொடுக்கிறோம். நெஞ்சு கெட்டு ஐம்பது வயதில் வேலையைவிட்டு நிற்பவருக்குக் கூட்டிய சம்பளமும் உதவாது. இதுவும் சம்பளக் கணக்குத்தான்.

நாம் செய்யக்கூடியது

முதலாவது, ஸ்டோரில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் நான்கு வாரத்துக்கு ஒரு நோட்டு வைத்திருங்கள். தேதி, நின்ற இடம், தும்மல், ஒழுகல், இருமல் இருந்ததா, விசிறி ஓடியதா, மாஸ்க் கிடைத்ததா என்று தினமும் ஒரு வரி எழுதினால் போதும். வேலையில்லாத நாளையும் விடாமல் எழுதுங்கள். எழுத நேரமில்லாதவர்களுக்கு ஓ.எல். படிக்கும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். பத்துப் பேரின் நோட்டு ஒன்றுபோலச் சொன்னால் அதை எவரும் கதை என்று தள்ள முடியாது.

இரண்டாவது, தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் அந்த நோட்டுகளோடு நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும். கேட்க வேண்டியவை: தூசியை உறிஞ்சும் ஏற்பாடு, நனைந்தால் மாற்ற இலவச மாஸ்க், மலையில் தண்ணீர், தோட்டமே தரும் படங்கு, புகைபோக்கியுள்ள அடுப்பு, பிள்ளையை வைத்தியரிடம் காட்டும் நாளுக்குப் பேர். பதில் வராவிட்டால் பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து தொழில் திணைக்களத்துக்குக் கொண்டுபோவது நம் பொறுப்பு.

மூன்றாவது, உடம்பைக் கவனியுங்கள். கொத்தமல்லித் தண்ணீர் குடிப்பதில் தவறில்லை. சின்னப் பிள்ளைகளுக்குக் கொதிநீரில் ஆவி பிடிக்க வேண்டாம், சுட்டுவிடும். பத்து நாளுக்கு மேல் குறையாத ஒழுகலை, ஒரு பக்க மூக்கில் மட்டும் வரும் நாற்றமுள்ள அல்லது இரத்தம் கலந்த ஒழுகலை, மூச்சில் வரும் இழுப்பை வைத்தியரிடம் காட்டுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள். வைத்தியரிடம் போனால் என்ன வேலை, எந்த இடத்தில் என்று மறக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அது சீட்டில் எழுதப்பட்டால்தான் நாளை நட்டஈடு கேட்கக் கையில் ஏதாவது இருக்கும்.

லேஞ்சியும் துணியும் மாஸ்க்கும் இருக்கட்டும், தேவையான இடத்தில் கட்டுவோம். ஆனால் அவற்றைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டாம். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சம்பளத்துக்கு அடுத்த விஷயமாக இதை எழுதிவையுங்கள். ஸ்டோரில் வேலை செய்பவர்களை முன்னால் இருத்தி, அவர்களை முதலில் பேசவிடுங்கள்.

— தோட்டப் பாடசாலை ஆசிரியர், சங்க அமைப்பாளர்